பள்ளியில் உணவுவழிப் பண்பாட்டுப் பாடம் நடத்துவது எப்படி? தோட்டப்புற ஊர்ப் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு வழிகாட்டி

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் போன்ற ஊர்களில் தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளி, மலாய்வழித் தேசியப் பள்ளி மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஆனாலும் ஆறாம் ஆண்டு முடியும்வரை இந்த மூன்று பள்ளிப் பிள்ளைகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து பசியாறாமலே போய்விடலாம். இடைநிலைப்பள்ளிக்குப் போன பிறகுதான் ஒருவர் சாப்பாட்டை இன்னொருவர் கிட்டத்தில் பார்க்கிறார்கள். அங்கே ஒரு பிள்ளை மூக்கைப் பொத்தினால் போதும், இன்னொரு பிள்ளை மறுநாள் முதல் வீட்டுச் சாப்பாட்டைக் கொண்டு வராது.

இதற்காகத்தான் எங்கள் பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் சிலர் சேர்ந்து, மூன்று பள்ளிப் பிள்ளைகளையும் வைத்து ஓர் உணவுப் பாடம் நடத்தத் தொடங்கினோம். எந்தக் கடிதம் யாருக்குப் போக வேண்டும், எவ்வளவு செலவாகும், யாருடைய பாத்திரத்தில் சமைப்பது என்று சொல்லித்தர ஆள் இல்லை. கடிதங்கள் திரும்பி வந்தன, தேதி மாறிக்கொண்டே இருந்தது. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தொடங்கும் முன் நோக்கத்தைத் தெளிவாக வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுப் பலகாரத்தை ருசிபார்க்க வைப்பது சுலபம். ‘நான் இதைச் சாப்பிடுவதில்லை’ என்று ஒரு பிள்ளை கூச்சமில்லாமல் சொல்வதும், அதைக் கேட்கும் பிள்ளை முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்வதும்தான் கஷ்டம். கீழே உள்ள எல்லா ஏற்பாடும் அந்த இரண்டுக்காகத்தான்.

1. விருந்து வேண்டாம், ஒரே ஒரு பொருளை எடுங்கள்

‘ஆளுக்கொரு பலகாரம் கொண்டு வாருங்கள்’ என்று அறிவித்தால் தமிழ்ப் பிள்ளைகள் முறுக்கு மேசையைச் சுற்றி நிற்பார்கள், சீனப் பிள்ளைகள் அவர்கள் மேசையைச் சுற்றி நிற்பார்கள். வீட்டுச் சமையலறையிலிருந்து வந்ததை முஸ்லிம் பிள்ளைகள் தொடத் தயங்குவார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் யாரும் யாரிடமும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

எல்லா வீட்டிலும் புழங்கும் ஒரு பொருளை எடுத்து, அதை ஒவ்வொரு வீட்டிலும் என்ன செய்கிறார்கள் என்று காட்டுங்கள். முதல் முறைக்கு நான் சொல்வது மாவு உருண்டை. மலாய்க்காரர் வீட்டில் ஒண்டே ஒண்டே: புளூட் (ஒட்டும் அரிசி) மாவில் பண்டான் இலைச் சாறு கலந்து, உள்ளே குலா மலாக்கா வெல்லம் வைத்து, வேகவைத்துத் தேங்காய்ப்பூவில் புரட்டுவது. சீனர் வீட்டில் தாங் யுவான்: அதே புளூட் மாவில் வெள்ளை, சிவப்பு உருண்டைகள் செய்து இஞ்சி போட்ட சீனிப்பாகில் மிதக்க விடுவது. நம் வீட்டில் பால் கொழுக்கட்டை: பச்சரிசி மாவை வெந்நீர் ஊற்றிப் பிசைந்து, சின்னதாக உருட்டி, பாலில் ஏலக்காய் தட்டிப் போடுவது. பசும்பாலுக்குப் பதில் தேங்காய்ப்பால் ஊற்றினால் மூன்றிலுமே இறைச்சி, முட்டை, பால், வெங்காயம், பூண்டு எதுவும் இருக்காது. ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் மூன்றையும் சாப்பிடலாம். இவ்வளவு பொருத்தமான பொருள் வேறு கிடைப்பது கஷ்டம்.

தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக்தான் எல்லோருக்கும் முதலில் தோன்றும். முதல் ஆண்டில் அது வேண்டாம். சம்பலில் நெத்திலி, பெலாச்சான் (இறால் விழுது), பக்கத்தில் வேர்க்கடலை, முட்டை என்று யார் யாருக்கு எது ஆகாது எனப் பட்டியல் போடவே நேரம் போய்விடும். மரவள்ளிக்கிழங்கு நல்ல இரண்டாவது தேர்வு. மலையோரத் தெமியார் பூர்வக்குடிக் கிராமத்துப் பிள்ளைகள் உங்கள் தேசியப் பள்ளியில் படித்தால் அவர்கள் வீட்டுச் சமையலும் மேசைக்கு வரும். தோலை நன்றாகச் சீவி முழுமையாக வேகவைக்க வேண்டும். பச்சை மரவள்ளியில் நச்சுத்தன்மை உண்டு என்பதால் பிள்ளைகள் கையில் வெறும் கிழங்கைக் கொடுத்து விளையாட விடாதீர்கள்.

2. நாளைக் குறியுங்கள்

என் அனுபவத்தில் மிகப் பொருத்தமான காலம் செப்டம்பர் 16, மலேசிய தினத்துக்கு அடுத்த ஒன்றிரண்டு வாரம். ஒற்றுமை என்ற தலைப்பில் எந்த நிகழ்ச்சியைக் கேட்டாலும் பள்ளிகள் அப்போது எளிதில் இடம் கொடுக்கும். புரட்டாசியும் அந்த நேரத்தில்தான் பிறக்கும், நம் வீடுகளில் பாதி சைவத்துக்கு மாறியிருக்கும். சீனர்களின் ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது நாள் சைவ விரதமும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். மஞ்சள் கொடி கட்டிய சைவச் சாப்பாட்டுக் கடைகளைப் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். நாமும் அவர்களும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் மாமிசத்தை ஒதுக்கி வைக்கிறோம் என்பது இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த பெரியவர்கள் பலருக்குக்கூடத் தெரியாது.

நோன்பு மாதம் கண்டிப்பாகக் கூடாது. நோன்பு ஒவ்வொரு ஆண்டும் பத்துப் பதினொரு நாள் முன்னே நகரும், ஆகவே போன ஆண்டு நாள்காட்டியை நம்பாதீர்கள். வெள்ளிக்கிழமை பள்ளி சீக்கிரம் விடும், அதையும் தவிருங்கள். ஆண்டிறுதி மதிப்பீடு நெருங்கிவிட்டால் எந்தத் தலைமையாசிரியரும் ஒப்ப மாட்டார். அக்டோபர் பாதியைத் தாண்டினால் அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவிடுங்கள்.

நேரம் காலை 8.00 முதல் 10.00 வரை. ஒரு பாடவேளை 30 நிமிடம் என்றால் நான்கு பாடவேளை. தேசியப் பள்ளியின் கால அட்டவணையில் அந்த நேரம் இஸ்லாமியக் கல்வி இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. இடத்தை முடிவு செய்த பிறகுதான் கடிதம்

பலரும் முதலில் கடிதம் எழுதுகிறார்கள். எந்தப் பள்ளியில் நடத்துவது என்பதைப் பொறுத்துத்தான் யார் அனுமதி கேட்க வேண்டும் என்பதே மாறும். பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே அழைத்துச் செல்லும் ஒவ்வொரு பள்ளியும் தன் தலைமையாசிரியர் வழியாகத் தனித்தனியே அனுமதி வாங்க வேண்டும். மூன்று பள்ளிக்கும் சேர்த்து ஒரே கடிதம் அனுப்பினால் அது திரும்பிவரும்.

தேசியப் பள்ளியின் சிற்றுண்டிச்சாலையில் நடத்துவதே நல்லது. அடுப்பும் பாத்திரமும் ஹலால் முறையில் ஏற்கனவே புழங்குபவை, யாருக்கும் சந்தேகம் வராது. தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளும் சீனப்பள்ளிப் பிள்ளைகளும் மட்டும் பயணம் செய்தால் போதும். ‘நம் பள்ளியில் நடத்தினால்தானே நமக்குப் பெருமை’ என்று சங்கக் கூட்டத்தில் கேட்பார்கள். பிள்ளைகள் தயங்காமல் சாப்பிடுவதுதான் முக்கியம் என்று பொறுமையாக விளக்குங்கள்.

தயார் செய்ய வேண்டிய தாள்கள்:

திட்ட வரைவு, மலாய்மொழியில், இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். தலைப்பு, நோக்கம், நாள், இடம், பங்கேற்பாளர், செயற்குழு, நிகழ்ச்சி நிரல், செலவு மதிப்பீடு. நோக்கத்தில் இரண்டு விஷயங்களைச் சேருங்கள். ஒன்று, கல்வி அமைச்சின் மாணவர் ஒருமைப்பாட்டுத் திட்டமான ரிமுப். பல வகைப் பள்ளி மாணவர்களை ஒன்றாகச் சேர்ப்பதுதான் அதன் வேலை. இரண்டு, நாசி லெமாக், ரொட்டி சானாய், தே தாரிக் கொண்ட மலேசியக் காலை உணவுப் பண்பாட்டை யுனெஸ்கோ 2024 டிசம்பரில் தன் மரபுப் பட்டியலில் சேர்த்தது. பல இனத்தார் ஒன்றாக உட்கார்ந்து உண்பதுதான் அந்த அங்கீகாரத்தின் மையம். இந்த இரண்டு வரியும் இருந்தால் ‘இது எதற்கு?’ என்ற கேள்வி குறையும்.

அழைப்புக் கடிதம், மற்ற இரண்டு தலைமையாசிரியர்களுக்கு. உங்கள் தலைமையாசிரியர் கையொப்பத்துடன் போகட்டும். சங்கத் தலைவர் கையொப்பம் மட்டும் இருந்தால் கிடப்பில் போய்விடும். கடிதத்தை நேரில் கொடுத்து, புறப்பாடத் துணைத் தலைமையாசிரியரிடம் ஐந்து நிமிடம் பேசிவிட்டு வாருங்கள். பாதி வேலை அங்கேயே முடியும்.

மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கான விண்ணப்பம். சுங்கை சிப்புட்டுக்கு அது கோலகங்சாரில் இருக்கிறது. பள்ளி வழியாகத்தான் போக வேண்டும். குறைந்தது ஒரு மாதம் முன்னதாக அனுப்புங்கள், ஆறு வாரம் என்றால் நிம்மதி. வாகன ஓட்டுநரின் உரிமம், வாகனக் காப்புறுதி ஆகியவற்றின் நகல், மாணவர் பெயர்ப்பட்டியல், உடன் செல்லும் ஆசிரியர் பெயர்கள் எல்லாம் முதல் தடவையே இணைத்திருக்க வேண்டும். ஒரு தாள் குறைந்தாலும் ஒரு வாரம் போய்விடும்.

4. பெற்றோர் படிவம்

இதை மட்டும் அவசரமாகச் செய்யாதீர்கள். பெயரைப் பார்த்தோ நிறத்தைப் பார்த்தோ ஒரு பிள்ளை என்ன சாப்பிடும் என்று நீங்களாக முடிவு கட்டக் கூடாது. தமிழ்ப் பிள்ளைகளில் இந்துக்கள், கிறிஸ்தவர்கள், முஸ்லிம்கள் இருக்கிறார்கள். பூர்வக்குடிப் பிள்ளைகள் எல்லோரும் முஸ்லிம்கள் அல்ல. சீனப் பிள்ளை ஒன்று வெங்காயம், பூண்டுகூடத் தொடாத பௌத்தக் குடும்பத்திலிருந்து வந்திருக்கலாம். தேசியப் பள்ளியிலேயே நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் படிக்கிறார்கள், அவர்களையும் மலாய்க்காரப் பிள்ளைகள் கணக்கில் சேர்த்துவிடாதீர்கள்.

படிவம் மலாய்மொழி, தமிழ், சீனம் மூன்றிலும் இருக்கட்டும். நான்கே கேள்விகள் போதும்: உங்கள் பிள்ளை எதையெல்லாம் உண்பதில்லை? ஒவ்வாமை உண்டா? ஜி6பிடி என்ற இரத்த நொதிக் குறைபாடு, ஆஸ்துமா போன்றவை உண்டா? படம் எடுக்கச் சம்மதமா? ‘ஏன் உண்பதில்லை’ என்று கேட்காதீர்கள், அது நமக்குத் தேவையில்லை. ஜி6பிடி பற்றி ஏன் கேட்கிறோம் என்றால், அந்தக் குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு ஃபாவா மொச்சை ஆகாது. நம் நாட்டில் பிறந்தவுடனேயே பரிசோதிப்பதால் பெற்றோருக்குப் பெரும்பாலும் தெரிந்திருக்கும்.

தோட்டத்தில் வேலைக்குப் போகும் பெற்றோர் விடியுமுன் கிளம்பிவிடுவார்கள். படிவம் பையிலேயே கிடக்கும். இரண்டு வாரம் முன்பே கொடுத்து, வராத வீடுகளுக்கு வகுப்பாசிரியரை வைத்து வாட்ஸ்அப்பில் குரல் செய்தி அனுப்பச் சொல்லுங்கள்.

5. பாத்திரம், பொருள், சமைப்பவர்

இடம் தேசியப் பள்ளியாக இல்லாவிட்டால் புதிய பாத்திரம் வாங்குங்கள். இரண்டு பெரிய பானை, அகப்பை, அரிகரண்டி, பிசையும் மங்கு எல்லாம் சேர்த்து ஏறக்குறைய 150 வெள்ளி (ரிங்கிட்). வாங்கியதும் பெயர் எழுதி ஒரு பெட்டியில் தனியாக வையுங்கள். ஒரு தடவை பள்ளிப் பொங்கலுக்கோ வேறு விருந்துக்கோ இரவல் போய்விட்டால் அப்புறம் ஹலால் பாத்திரம் என்று உறுதி சொல்ல முடியாது.

ஒவ்வொரு பிள்ளையும் வீட்டிலிருந்து சொந்த மங்கும் கரண்டியும் கொண்டு வரட்டும். செலவும் மிச்சம், சங்கடமும் இல்லை.

பாக்கெட்டில் வரும் மாவு, சீனி, தேங்காய்ப்பால், சாயம் எல்லாவற்றிலும் இஸ்லாமிய மேம்பாட்டுத் துறையான ஜாக்கிமின் ஹலால் முத்திரை பாருங்கள். வெனிலா எசன்ஸ் வேண்டாம், சிலவற்றில் ஆல்கஹால் கலந்திருக்கும். ஜெலட்டின் உள்ள எதையும் வாங்காதீர்கள். எண்ணெய் தடவும் தூரிகை தேவைப்பட்டால் சிலிக்கான் தூரிகை, ஏனென்றால் முடித் தூரிகை பன்றி முடியால் செய்யப்பட்டதாக இருக்கலாம். இன்னொன்று, சாமிக்குப் படைத்ததை அன்று யாரும் கொண்டு வரக் கூடாது. நமக்கு அது பிரசாதம், ஆனால் முஸ்லிம் பிள்ளைகளும் சில கிறிஸ்தவப் பிள்ளைகளும் அதை உண்ண மாட்டார்கள். ஆர்வத்தில் கொண்டுவரும் பெற்றோர் உண்டு, முன்கூட்டியே அன்பாகச் சொல்லிவிடுங்கள்.

அடுப்பருகே நிற்பவர்களிடம் டைபாய்டு தடுப்பூசி அட்டையும் உணவு கையாளுநர் பயிற்சிச் சான்றிதழும் கேட்கலாம். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி உணவகத்தில் உணவைக் கையாளுபவர்களுக்கு இரண்டும் கட்டாயம். ஊசி மூன்று ஆண்டு செல்லும். ஒரு நாள் பாடத்துக்காகப் பெற்றோரை இதற்கெல்லாம் அனுப்ப வேண்டாம். சிற்றுண்டிச்சாலை நடத்துநரிடம் இரண்டும் இருக்கும், அவரையே கொதிநீர் வேலைக்கு வையுங்கள். அவருடைய நேரத்துக்கும் கேஸுக்கும் 80 வெள்ளியாவது கொடுப்பதுதான் மரியாதை.

6. செலவு

36 பிள்ளைகள், மேசைக்கு ஆறு பேர் என்ற எங்கள் கணக்கு இது. ஊருக்கு ஊர் விலை மாறும்.

புளூட் மாவு 500 கிராம் பாக்கெட் நான்கு, பச்சரிசி மாவு இரண்டு, குலா மலாக்கா, சீனி, தேங்காய்ப்பூ, தேங்காய்ப்பால், இஞ்சி, பண்டான், ஏலக்காய்: சுமார் 100 வெள்ளி. நடத்துநருக்கு 80. வேன் அல்லது பள்ளிப் பேருந்து, ஊருக்குள்ளேயே போய்வர, ஒரு பள்ளிக்கு 150 அளவில். அச்சு, அட்டை 20. மொத்தம் 500 வெள்ளியில் முடியும். பாத்திரம் வாங்க வேண்டியிருந்தால் 650.

பசார் மாலாம் எனும் இரவுச் சந்தையில் தேங்காயும் பண்டானும் மலிவுதான், ஆனால் ரசீது கிடைக்காது. ரசீது இல்லாமல் பள்ளிக் கணக்கிலோ சங்கக் கணக்கிலோ பணத்தைத் திரும்பப் பெற முடியாது. ரசீது எழுதித் தரும் மளிகைக் கடையிலேயே எல்லாவற்றையும் வாங்குங்கள். பிள்ளைகளிடம் காசு வசூலிக்காதீர்கள். ஐந்து வெள்ளியென்றாலும் கொடுக்க முடியாத வீடு இருக்கும், அந்தப் பிள்ளை அன்று பள்ளிக்கே வராது.

7. பாடம் நடக்கும் இரண்டு மணி நேரம்

நான்காம் ஆண்டுக்கு மேற்பட்ட பிள்ளைகள் மட்டும். புளூட் மாவு ஒட்டும் தன்மையுள்ளது, சின்னப் பிள்ளைகளுக்குத் தொண்டையில் சிக்கும். 150க்கும் குறைவான மாணவர்கள் உள்ள பள்ளியென்றால் நான்கு, ஐந்து, ஆறாம் ஆண்டுகளைச் சேர்த்தால்தான் ஆள் கிடைக்கும். அது நல்லதுதான், பெரிய பிள்ளைகள் சின்னவர்களைப் பார்த்துக்கொள்வார்கள்.

ஒவ்வொரு மேசையிலும் பள்ளிக்கு இருவராக உட்கார வையுங்கள். ஒருவராக வைத்தால் வாயே திறக்காது, மூவராக வைத்தால் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கும். பொதுமொழி மலாய். ஆசிரியர்கள் மேசை மேசையாகத் தமிழில் பேசிக்கொண்டு போகாமல் இருந்தால் பிள்ளைகளும் மலாயிலேயே பேசுவார்கள்.

முதலில் கை கழுவல். அப்புறம் இரண்டு மாவையும் தனித்தனி மங்கில் வைத்து, கண்ணை மூடித் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். தண்ணீர் சேர்த்ததும் ஒன்று இழுபடும், ஒன்று உடையும். ஏன் பால் கொழுக்கட்டைக்கு மட்டும் வெந்நீர் ஊற்றுகிறோம் என்று அப்போது தானாகவே கேட்பார்கள்.

உருட்டும் அரை மணி நேரத்தில்தான் பேச்சு பிறக்கும். கை வேலையாக இருக்கும்போது வெட்கம் போய்விடுகிறது. மேசைக்கு ஓர் அட்டையில் மூன்று கேள்வி மட்டும் வையுங்கள்: இதை உங்கள் வீட்டில் எப்போது செய்வார்கள்? யார் செய்வார்கள்? முதலில் யாருக்குக் கொடுப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்களைக் காதுகொடுத்துக் கேளுங்கள். சாமிக்கு, தாத்தாவுக்கு, பக்கத்து வீட்டுக்கு, கடைக்குட்டிக்கு என்று மேசைக்கு மேசை மாறும். இனத்துக்கு இனம் மாறுவதைவிட வீட்டுக்கு வீடு மாறுவதுதான் அதிகம் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள்.

கொதிநீரில் போடுவதும் எடுப்பதும் பெரியவர்கள் வேலை. வேகும் நேரத்தில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பயிற்சியைச் செய்யுங்கள். மாட்டிறைச்சிச் சாத்தே, பன்றி இறைச்சிச் சோறு, கருவாட்டுக் குழம்பு, டுரியான் என்று படங்கள் காட்டுங்கள். ஒரு பிள்ளை நீட்டும், இன்னொரு பிள்ளை ‘தெரிமா காசி, சாயா தாக் மாக்கான் இனி’ (நன்றி, நான் இதைச் சாப்பிடுவதில்லை) என்று சொல்லும். நீட்டிய பிள்ளை ‘தாக் அப்பா’ (பரவாயில்லை) என்று சொல்லிவிட்டு வேறொன்றை நீட்ட வேண்டும். இவ்வளவுதான். வேண்டாம் என்ற பிள்ளை காரணம் சொல்லக் கடமைப்படவில்லை என்பதை ஆசிரியர் எல்லோர் முன்னிலையிலும் சொல்ல வேண்டும். எந்தப் பிள்ளையாவது காரணம் கேட்டால் பெரியவர் ஒரே வரியில் சொல்லட்டும்: முஸ்லிம்களின் மார்க்கத்தில் பன்றி இறைச்சியை விலக்கியிருக்கிறார்கள், பல இந்து வீடுகளில் மாட்டிறைச்சி உண்பதில்லை, அவ்வளவே. அதற்கு மேல் விளக்கம் நீண்டால் அது சமயப் பாடமாகிவிடும்.

ஒரு விதி அன்று முழுதும் இருக்க வேண்டும். ‘சீ’, ‘நாத்தம்’, ‘ஈ...’ எந்த மொழியிலும் கிடையாது. அதற்குப் பதில் என்ன சொல்லலாம் என்று கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்: புளிப்பு, பிசுபிசுப்பு, வாசனை தூக்கலாக இருக்கிறது, எனக்குப் பழக்கமில்லை. பெரியவர்களுக்கும் இது பொருந்தும். பெலாச்சானைப் பார்த்து மூக்கைச் சுருக்கிய ஓர் அம்மாவைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்தார்கள், அடுத்த அரை மணி நேரம் அதைச் சரிசெய்யவே போனது.

‘எது ருசி?’ என்று வாக்கெடுப்பு வைக்காதீர்கள். பரிசும் வேண்டாம். ஒன்று ஜெயித்தால் இரண்டு வீடு தோற்கும்.

பரிமாறும்போது ஒண்டே ஒண்டேவை ஐந்து நிமிடமாவது ஆற விடுங்கள். உள்ளே உருகிய குலா மலாக்கா வாயைச் சுட்டுவிடும். சமைத்தது நான்கு மணி நேரத்துக்குள் தீர வேண்டும். தேங்காய் சேர்ந்தது சீக்கிரம் கெடும், ஆகவே வீட்டுக்குக் கட்டிக் கொடுக்காதீர்கள். பிள்ளைகள் ‘அம்மாவுக்கு ஒன்று’ என்று கேட்கும்போது மனம் இளகும், ஆனாலும் கூடாது. செய்முறைத் தாளைக் கொடுத்தனுப்புங்கள், வீட்டில் செய்து பார்க்கட்டும். ஒவ்வொன்றிலும் சிறிதளவு எடுத்து நாளும் நேரமும் எழுதிக் குளிர்ப்பெட்டியில் ஒரு நாள் வைத்திருங்கள். யாருக்காவது வயிற்றுக் கோளாறு வந்தால் அது தேவைப்படும்.

8. முடிந்த பிறகு

ஒரு பக்க அறிக்கை, நான்கு படம், ரசீதுகள் எல்லாம் ஒரு வாரத்துக்குள் மூன்று பள்ளிக்கும் போகட்டும். படத்தில் சம்மதம் தராத பிள்ளை இல்லை என்பதை இருமுறை பாருங்கள். அறிக்கையில் நன்னெறிக் கல்வியின் 14 நெறிகளில் மரியாதை, ஒத்துழைப்பு, விட்டுக்கொடுத்தல் ஆகியவற்றோடு பாடத்தை இணைத்து ஒரு பத்தி எழுதினால், அடுத்த முறை வகுப்பு நேரத்திலேயே நடத்த அனுமதி கேட்க வசதியாக இருக்கும்.

பள்ளிகள் அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை ஆண்டு முடியும் முன்பே தயாரிக்கத் தொடங்கிவிடும். ஆகவே அறிக்கையைக் கொடுக்கும் அன்றே அடுத்த ஆண்டுக்கு எந்த வாரம், எந்தப் பள்ளி என்று மூன்று புறப்பாடத் துணைத் தலைமையாசிரியர்களிடமும் கேட்டு, ஆண்டுத் திட்டத்தில் எழுத வைத்துவிடுங்கள். எழுதியிருந்தால் ஆசிரியர்கள் மாற்றலாகிப் போனாலும் நிகழ்ச்சி நிற்காது. பாத்திரப் பெட்டியின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதையும் அந்த அறிக்கையின் கடைசி வரியில் குறித்துவிடுங்கள்.